கணக்கு யாருக்கு வரும்?

"எனக்குக் கணக்கு வராது சார்" என்னும் சொற்கள் மதுரையில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு நன்கு பழகிப்போனவை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் விசை என்றால் என்ன, முடுக்கம் என்றால் என்ன என்று அழகாகச் சொல்வார்கள். கரும்பலகையில் சமன்பாட்டை எழுதத் தொடங்கியதும் சிலருடைய பேனா நின்றுவிடும். "வராது" என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்கு ஏதோ விருந்தாளி போலவும், சில வீடுகளுக்கு மட்டுமே அது வரும் என்பது போலவும் அல்லவா இருக்கிறது! இந்த எண்ணம் சரிதானா என்பதை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. அங்கே பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் முழு எண்களோடு பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. மா என்பது இருபதில் ஒரு பங்கு; காணி என்பது எண்பதில் ஒரு பங்கு; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணியை மாவால் பெருக்கினால் என்ன வரும் என்று இன்று கேட்டால் நம்மில் பலர் தாளைத் தேடுவோம். அன்று மணலில் எழுதிப் பழகிய சிறுவன் வாயாலேயே சொன்னான். நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், வட்டி பார்க்கவும் அது தேவைப்பட்டது. அவர்களெல்லாம் மேதைகள் அல்லர். குடியானவர், வணிகர் வீட்டுச் சாதாரணப் பிள்ளைகளே. கணக்கு அவர்களுக்கு "வந்தது", நாள்தோறும் பழகியதனால்.

அப்பள்ளிகளைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். சாதியின் பெயரால் பலருக்கு அவற்றின் கதவு மூடியிருந்தது, பெண்களுக்கும் அப்படியே. பிரம்பு அதிகம், "ஏன்?" என்ற கேள்விக்கு இடம் குறைவு.

"இராமானுஜனுக்குப் பிறவியிலேயே வந்ததே!" என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய கதையை நாம் சொல்லும் முறை மாணவரை ஊக்குவிப்பதைவிட மிரட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது என்பது என் கருத்து. கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது கார் என்பவர் தொகுத்த நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை விளக்கமின்றி அடுக்கிவைத்த நூல் அது. அம்முடிவுகளைத் தாமே நிறுவிப் பார்க்க ஆண்டுக்கணக்கில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அந்த உழைப்பு கதையில் விடுபட்டுப் போகிறது.

ஆயினும் இராமானுஜன் ஒரு விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து புறப்படும் செங்கோட்டை ரயிலில் ஏறி, இராஜபாளையத்தையும் தென்காசியையும் கடந்து வாருங்கள். இங்கே படித்த இன்னொருவரைச் சந்திப்போம்.

அவர் சு. சி. பிள்ளை என்னும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். தந்தையும் உறவுக்கார மூதாட்டி ஒருவரும் வளர்த்தார்கள். செங்கோட்டைப் பள்ளியில் சாஸ்திரியார் என்ற ஆசிரியர் இச்சிறுவனின் அறிவைக் கண்டுகொண்டார். பள்ளியின் இறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்க வேண்டும். சாஸ்திரியார் பண உதவி செய்து அதை நிற்கவிடாமல் காத்தார். எண்ணியல் நூல்களில் சாஸ்திரியாரின் பெயர் இராது. ஆனால் அவர் இல்லையேல் அந்நூல்களில் பிள்ளையின் பெயரும் இராது.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, உதவித்தொகையுடன் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1927 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்று அவர் படிப்பு வளர்ந்தது. சென்னையில் அவருக்கு வழிகாட்டிய ஆனந்த ராவ், கேம்பிரிட்ஜில் இராமானுஜன் இருந்த காலத்தில் அங்கே பயின்றவர். 1929இல் பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவருடைய தலைசிறந்த ஆராய்ச்சி சிதம்பரத்தில்தான் நடந்தது.

அந்த ஆராய்ச்சி என்ன? பயப்படவேண்டாம், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 7 என்ற எண்ணை வர்க்க எண்களின் கூட்டலாக எழுதுக. 4 + 1 + 1 + 1. நான்கு வர்க்கங்கள் வேண்டும், குறைத்து முடியாது. இனி 23ஐக் கன எண்களால் எழுதுக. 3இன் கனம் 27, அது பெரிது. ஆகவே 8ஐயும் 1ஐயும்தான் பயன்படுத்தலாம். இரண்டு 8, ஏழு 1, மொத்தம் ஒன்பது. நான்காம் அடுக்குக்கு 79ஐ எடுங்கள். 81 பெரிது, நான்கு 16, பதினைந்து 1, மொத்தம் பத்தொன்பது. தந்திரம் புரிந்துவிட்டதல்லவா? 3இன் அடுக்கை எட்டாத ஓர் எண்ணைத் தேர்ந்தால், மீதியை 1களைக் கொண்டே நிரப்ப வேண்டியதாகிறது. ஆறாம் அடுக்குக்கு நீங்களே செய்யலாம்: 2இன் ஆறாம் அடுக்கு 64, 3இன் ஆறாம் அடுக்கு 729. எண் 703. பத்து 64, அறுபத்து மூன்று 1, மொத்தம் 73.

சில எண்களுக்கு 73 வேண்டும் என்று இப்போது கண்டோம். எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டுவதே கடினம். வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770இல் 4, 9, 19 என்ற எண்களைச் சொல்லிவைத்தார், நிறுவவில்லை. வர்க்கங்களுக்கு லக்ராஞ்சு அதே ஆண்டில் நிறுவினார். ஏழும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும், ஒரு நிபந்தனையோடு, 1936 வாக்கில் விடை வந்தது. அதைச் சிதம்பரத்தில் பிள்ளையும் சிகாகோவில் டிக்சனும் ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல் கண்டார்கள். எஞ்சி நின்ற ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940இல் நிறுவியவர் பிள்ளையே. ஐந்தாம் அடுக்கு 1964இல் சீனாவின் சென் ஜிங்ருனிடம் பணிந்தது. நான்காம் அடுக்கு 1986 வரை இழுத்தடித்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த இரா. பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்.

இதில் நுழைவாயில் எது என்று பாருங்கள். 8களையும் 1களையும் எண்ணுவது! திண்ணைப் பள்ளிச் சிறுவனும் அதைச் செய்திருப்பான். ஆனால் "இதற்கு மேல் ஏன் தேவைப்படாது?" என்று அவனைக் கேட்க ஆளில்லை. என் மாணவர்களில் பலருக்கு ஏன் என்ற கேள்வி இருக்கிறது; கை பழக்கம் இல்லை. வாய்பாட்டை இகழ்ந்து, விளக்கம் ஒன்றே போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எட்டேழு ஐம்பத்தாறு என்பதற்கே திணறுபவன், நேர்கோட்டு இயக்கச் சமன்பாட்டின் நடுவே களைத்துவிடுகிறான். களைப்பை அறிவின்மை என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறான். பிள்ளையிடம் கைப்பழக்கம், கேள்வி இரண்டும் இருந்தன. முதுகில் தட்டிக்கொடுக்க ஓர் ஆசிரியரும் இருந்தார்.

1942இல் பிள்ளை கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். 1950இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அவரை அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டுக்கும் செல்லவேண்டியிருந்தது. ஆகஸ்டு 31 அன்று அவர் சென்ற விமானம் எகிப்தில் கெய்ரோவுக்கு அருகே விழுந்து எரிந்தது. அவருக்கு வயது 49.

அவர் விட்டுச்சென்ற இன்னொரு முடிவை உங்கள் பென்சிலுக்கே தருகிறேன். அடுத்தடுத்த முழு எண்களில் பதினாறோ அதற்குக் குறைவாகவோ எடுத்துக்கொண்டால், மற்ற எந்த எண்ணோடும் 1ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்கும். பதினேழு எண்களுக்கு இது உறுதியில்லை. 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். இரட்டைப்படை எண்களை உடனே அடித்துவிடலாம். 3, 5 ஆகியவற்றால் வகுபடுபவையும் போய்விடும். எஞ்சுபவை மூன்றே: 2189, 2191, 2197. ஒவ்வொன்றுக்கும் கூட்டாளி எது என்பதைக் கண்டுபிடியுங்கள்.