வண்டுகொல்லியும் மருந்துக்கு மசியாத படர்தாமரையும்

வண்டுகொல்லி, சீமையகத்தி என்றெல்லாம் அழைக்கப்படும் செடியின் இலையை அரைத்துப் படர்தாமரையில் பூசுவது பழைய கைவைத்தியம். பிலிப்பைன்ஸில் அதே செடி ‘அகாபுல்கோ’ என்ற பெயரில் தோல்நோய்க்குப் பயன்படுகிறது. இன்று, பூஞ்சையால் வரும் படர்தாமரையின் முகமே மாறிவிட்டது. அதற்குத் தரப்படும் டெர்பினஃபைன் மருந்து, பூஞ்சையின் ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் என்னும் நொதியை முடக்கும். அந்த நொதிக்கான மரபணுவில் சிறு மாற்றம் நேர்ந்தால் மருந்து செல்லாக்காசு. படர்தாமரையை உண்டாக்கும், 2020-இல் பெயரிடப்பட்ட ‘டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே’ பூஞ்சையில் இம்மாற்றம் அதிகம்.

இத்தகைய பூஞ்சைக்கு எதிராக வண்டுகொல்லிச் சாற்றைச் சோதிக்க, நிழலில் உலர்த்திய இலைப்பொடியை எத்தனாலில் ஊறவைத்து வடித்து, வற்றவைப்பார்கள். கிடைக்கும் பிசினைக் கரைத்து, 96 குழிகள் கொண்ட தட்டில் குழிக்குக் குழி பாதியாகக் குறைத்து ஊற்றி, பூஞ்சை வித்துகளைச் சேர்ப்பார்கள். சில நாள் கழித்து, எந்த அளவு வரை வளர்ச்சி இல்லையோ அதுவே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு.

சிக்கல் சாற்றின் நிறத்தில் இருக்கிறது. கரும்பச்சைக் குழியில், வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் தெரியாது. உயிருள்ள செல் இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ரெசசூரின் சாயம் அங்கே கைகொடுக்கும். பிசினைக் கரைக்கும் டைமெத்தில் சல்பாக்சைடு அளவு மீறினால் தானே பூஞ்சையைத் தடுக்கும். எனவே, கரைப்பான் மட்டும் உள்ள குழி இல்லாத ஆய்வை நம்புவதற்கில்லை.

பூஞ்சை வளரும் அகார் கூழில் சாறு தோய்ந்த வட்டத்தாளை வைத்து, அதைச் சுற்றிய தெளிந்த வளையத்தை மட்டும் அளந்து வெற்றி கொண்டாடும் கட்டுரைகளும் ஏராளம். எண்ணெய்ச் சத்துகள் அகாரில் சரியாகப் பரவா; வளையத்தின் அகலம் வீரியத்தின் அளவாகாது.

இலையில் மருந்து தேடுவது எதிர்பாராத பலனும் தரலாம். 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரெக்ஸாஃபன்ஜெர்ப் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் மூலப்பொருள் ஜூனிப்பர் இலையிலிருந்து வந்தது. ஆனால் அதைத் தந்தது இலையல்ல, இலைக்குள் குடியிருந்த ஒரு பூஞ்சை.