இராமானுசனின் ஆய்வு உதவித்தொகை

இராமானுசனின் ஆய்வு உதவித்தொகை என்பது, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய கணிதவியலாளர் சீனிவாச இராமானுசனுக்கு 1913 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய உதவித்தொகை ஆகும். மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு இது அளிக்கப்பட்டது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே ஆய்வு உதவித்தொகை என்பது அன்றைய விதி. இராமானுசனோ இளங்கலைப் பட்டமும் பெறாதவர். அவருடைய கணிதத் திறமை பரவலாக அறியப்பட்டது. இந்த விதியைக் கடக்க அவருக்கு உதவியவர்களின் பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

பின்னணி

1904 இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த இராமானுசன், கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்ததால் அதனை இழந்தார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற இயலவில்லை. 1910 இன் இறுதியில் அவரைச் சந்தித்த நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். பிறர் தயவில் நெடுநாள் வாழ இராமானுசன் விரும்பவில்லை.

துறைமுகப் பணி

1912 பெப்ரவரி 9 அன்று அவர் துறைமுகப் பணிக்கு விண்ணப்பித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதம் அவருக்குத் துணை நின்றது. மார்ச் 1 முதல் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், மேற்கே ஜார்ஜ் டவுன், அதற்கும் அப்பால் பெயரிலேயே கொத்தளத்தைத் தாங்கிய மூலக்கொத்தளம் என அமைந்த வடசென்னைப் பகுதி இது.

அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் கற்றவர். மாலை நேரங்களில் இருவரும் பலகையும் குச்சியுமாக அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தனர். அவர் வழியாகத் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இராமானுசன்மீது அக்கறை கொண்டார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், 1912 இல் இவருடைய கணிதம் பற்றி இலண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். 1913 சனவரி 16 அன்று இராமானுசன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தாமே கடிதம் எழுதினார்.

பரிந்துரையும் விதியும்

வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பெப்ரவரி 25 அன்று துறைமுகத்திற்கு வந்தபோது, ஸ்பிரிங் அவரிடம் இராமானுசனின் குறிப்பேடுகளைக் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதினார். இக்கடிதம் சிறந்த பரிந்துரைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. இராமானுசன் ஆராயும் பிரிவுகளில் தாம் தனித்தேர்ச்சி பெற்றவர் அல்லர் என்பதை வாக்கர் மறைக்கவில்லை. கண்ட அளவில், கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளருக்கு நிகரான புதுமை அதில் இருப்பதாகக் கூறினார். பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அவருக்கு வழிசெய்யுமாறு கேட்டுக்கொண்டார். வெறும் புகழுரையாக நில்லாமல், என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னதே இதன் வலிமை.

மார்ச் 19 அன்று கூடிய கணிதப் பாடக்குழு உதவித்தொகையைப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 7 அன்று ஆட்சிக்குழுவில் பட்ட விதி தடையாக எழுப்பப்பட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த துணைவேந்தர் சுந்தரம் ஐயர், ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று அதனை நிறுவிய சட்டத்தின் முன்னுரை கூறுவதைச் சுட்டிக்காட்டினார். இவ்வாதம் ஏற்கப்பட்டது. (இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வை, முதுகலை படிக்காமலேயே, நான்காண்டு இளங்கலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் 75 விழுக்காடு மதிப்பெண்ணுடன் எழுதலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது 2024 இல்தான்.)

மே 1 முதல் உதவித்தொகை தொடங்கியது. துறைமுகம் அவருக்கு விடுப்பளித்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்து செல்லும் முன் மூன்று அறிக்கைகளை அளித்தார்.

இங்கிலாந்துப் பயணம்

1914 தொடக்கத்தில் விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில், சனவரி 28 அன்று டியூஸ்பரிக்கு எழுதினார். ஸ்பிரிங் ஆளுநரின் செயலாளருக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கிடைத்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்திலிருந்த குடும்பத்திற்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, 1914 மார்ச் 17 அன்று அவர் சென்னைத் துறைமுகத்திலிருந்தே நெவாசா கப்பலில் புறப்பட்டார்.

1919 இல் நாடு திரும்பவிருந்த அவருக்குப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. சனவரி 11 அன்று அதனை ஏற்று எழுதிய இராமானுசன், தமக்கு அவ்வளவு தொகை தேவைப்படாது என்றார். பெற்றோருக்கு 50 பவுனும் தம் தேவைகளும் போக எஞ்சுவதை ஏழை, அனாதைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார்.