பேங்க் லீடிங்... ரயில்வே விடாது!

கோடை விடுமுறையில் கோவைப் பக்கம் போனால், ஒரு சாயங்காலம் கூடைப்பந்து மைதானத்தில் போய் உட்காருங்கள். அகில இந்தியப் போட்டி நடக்கும். ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை. பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. (பம்ப்செட் ஊரில் கோப்பைக்கு வேறென்ன பெயர் இருக்கும்!) பக்கத்து சீட் பெரியவரிடம் ‘யாருங்க ஜெயிக்கறாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பேங்க் எட்டு பாயின்ட் லீடிங்குங்க. ஆனா, ரயில்வே விடமாட்டாங்க!’ என்பார்.

பேங்க், ரயில்வே, நேவி... இதென்ன டீமா, ஆபீஸ் பட்டியலா? இரண்டும்தான்! இந்தியாவில் கூடைப்பந்து எப்படி ஒரு பிழைப்பானது என்ற வரலாறு அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1891, டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காகப் பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை மாட்டினார். 13 விதிகளையும் எழுதினார். அதில் ஒன்று – பந்தோடு ஓடக் கூடாது; பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுகிற ‘டிரிபிளிங்’ அப்புறம் வந்த வித்தை. அதில் கெட்டிக்காரரிடம் பந்தைக் கொடுத்து, ‘நீ கொண்டு போ... யாரிடம் தரணுமோ தா’ என்று பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர்தான் ‘பாயின்ட் கார்டு’. தறியில் ஓடுகிற நாடா மாதிரி. ஓடி ஓடி நெய்வது அது. பெயர் வாங்குவதென்னவோ சேலை!

ஒய்.எம்.சி.ஏ. வழியாக 1890-களிலேயே இந்த ஆட்டம் இந்தியா வந்துவிட்டது. அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் ஆடத் தொடங்கியது. அங்கே ஆடினால் சம்பளம். இங்கே? ஆடினால் வேலை, வேலைக்குத்தான் சம்பளம்!

சென்னைப் பெண் அனிதா பால்துரையைப் பாருங்கள். 1985-ல் பிறந்தவர். கார்டு வரிசை ஆட்டக்காரர். பந்தைக் கொண்டு வருவார், தூரத்திலிருந்து குறிபார்த்துக் கூடையிலும் போடுவார். 2003-ல் தெற்கு ரயில்வேயில் வேலை. 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடி, தொடர்ந்து ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் இறங்கினார். நடுவில் கல்யாணம், குழந்தை. நம் ஊரில் ஒரு விளையாட்டு வீராங்கனையின் கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும், இல்லையா?

இவருடையது முடியவில்லை. 2017, பெங்களூரு. ஆசியக் கோப்பை ‘பி’ டிவிஷன் இறுதி ஆட்டம், எதிரே கஜகஸ்தான். 75-73. இரண்டே பாயின்ட் வித்தியாசத்தில் வென்று, இந்தியா ‘ஏ’ டிவிஷனுக்கு ஏறியது. கேப்டன்... 32 வயது அனிதா! அர்ஜுனா விருது அவருக்கு வரவே இல்லை. 2021-ல் பத்மஸ்ரீ வந்தது.

ஆபீஸ் பெயரில் டீம் என்றதும் சிரிப்பு வரலாம். ஆனால், 2015-ல் தடபுடலாக ஆரம்பித்த யு.பி.ஏ. என்ற தனியார் லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. ரயில்வே டீம் இன்றைக்கும் ஆடுகிறது. லீக் போனால் ஒப்பந்தமும் போச்சு. மாதச் சம்பளம் அப்படியல்ல. முழங்கால் போன பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் வரும்.

ஒரே சங்கடம், அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகள் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். கிடைக்காதவர்கள் கல்லூரியோடு ஷூவைக் கழற்றிவிடுகிறார்கள். அவர்களிலும் எத்தனை அனிதாக்கள் இருந்திருப்பார்களோ!

பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ உங்கள் வீட்டுப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து நின்றால், ‘இது சோறு போடுமா கண்ணு?’ என்றுதான் முதலில் கேட்பீர்கள். தப்பில்லை, நியாயமான கேள்விதான். ஆனால், அதை அந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? வேலை தருகிற இடத்தில் அல்லவா கேட்க வேண்டும்!