புழு எங்கிருந்து வந்தது? ஒரு மூடி சொன்ன பதில்



பிள்ளையின் மலத்தில் புழு நெளிந்தால் எந்த உம்மாவும் பதறிப்போவார். உடனே குடற்புழு மருந்து வாங்க ஆள் ஓடும். ஆனால் சில வேளை அது குடற்புழுவே அல்ல, ஈயின் குடம்பி. அது வயிற்றிலிருந்து வந்ததா, வெளியில் சேர்ந்ததா? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாகவே உண்டாகும் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களும் நம்பினார்கள். இத்தாலிய வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி அதைச் சோதித்தார். இறைச்சி, மீன் வைத்த பாத்திரங்களில் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார். காற்றுப் போகாததால்தான் புழு வரவில்லை என்று யாரும் சொல்லக்கூடாதே என்று மெல்லிய துணியாலும் மூடிப் பார்த்தார். திறந்திருந்த இறைச்சியில்தான் புழு வந்தது. புழுவுக்குத் தாய் ஈதான் என்று 1668இல் எழுதினார். ஆனாலும் குடலில் வாழும் புழுக்கள் விடயத்தில் அவரே பழைய நம்பிக்கையை முழுதாக விடவில்லை.

1797இல் இங்கிலாந்தின் குதிரை வைத்தியர் பிரேசி கிளார்க் ஒருவகை ஈயைப் பற்றி எழுதினார். அது குதிரையின் மயிரில் முட்டையிடும். குடம்பி வாய்வழியாக உள்ளே போய், மாதக்கணக்கில் இரைப்பையில் ஒட்டி வாழும். மனிதருக்கும் அப்படி நடக்குமா? 1840இல் பூச்சியியல் அறிஞரான பாதிரியார் ஹோப், மனித உடம்பில் பூச்சிக் குடம்பிகள் காணப்பட்ட சம்பவங்களைத் தொகுத்தார். ஈக் குடம்பியால் வருவதற்கு, ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மயாசிஸ்' என்று பெயர் வைத்தார்.

பிறகுதான் விடயம் தெளிந்தது. மனிதக் குடலையே வீடாகக் கொண்ட ஈ எதுவும் இல்லை. ஈ மொய்த்த பழத்தோடும் சாப்பாட்டோடும் உள்ளே போகும் குடம்பிகளில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்திலும் ஒட்சிசன் குறைவிலும் செத்துவிடும். தப்பியவை சிலருக்கு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் தரலாம். இன்னொரு பக்கம், கழித்த மலத்திலும் ஈ உட்காரும். சில ஈக்கள் முட்டையிடாமல் உயிருள்ள குடம்பியையே போடும். சற்று நேரத்தில் புழு நெளிந்தால், வயிற்றிலிருந்து வந்ததென்றே நினைப்போம்.

ஆகவே, புழுவைக் கண்டால் மருந்தை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். சுத்தமான, உலர்ந்த போத்தலில் மலத்தைப் புதிதாக எடுத்து, அந்த நிமிடமே மூடி, டொக்டரிடம் கொண்டு போங்கள். ரெடி கையாண்ட அதே வழிதான்: மூடினால்தான் உண்மை தெரியும்.

கறிச்சட்டியையும் மூடி வையுங்கள்.