பெரட்டு

இலங்கை மலையகத்தில், அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘பெரட்டுக்குப் போகணும்’ என்றால் எதையும் புரட்டப் போவதாக எண்ணிவிட வேண்டாம். ‘பரேடு’ என்ற ஆங்கிலச் சொல்தான் மலையகத் தமிழர் வாயில் பெரட்டு ஆயிற்று. தொழிலாளர் காலையில் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடம் பெரட்டுக்களம்.

இருட்டு விலகும் முன்பே லயங்கள் எனும் வரிசை வீடுகளுக்குக் கேட்கும்படி தப்பு அடிப்பது அந்தக் கால வழக்கம். பனியில் கம்பளியைப் போர்த்தி வந்து நிற்பார்கள். யாருக்கு எந்த மலையில் கொழுந்து பறிப்பு, யாருக்குக் கவ்வாத்து, அதாவது செடி வெட்டுதல், என்று கணக்கப்பிள்ளை பிரித்துச் சொல்வார். பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைய ‘பேர்’ போயிற்று. பேர் என்றால் ஒரு நாள் கூலிக் கணக்கு. பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரையே கூலிக்கு அளவாக்கிய சொல் இது. பெரட்டைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுமுன், கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த மலையகத் தமிழரின் முன்னோர். உங்கள் வீட்டில் தோட்டத்துப் பாட்டி இருந்தால், இத்தகைய சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.