வீட்டில் வடித்த உலகங்கள்

கதை சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர் என்பது உலகெங்கும் நெடுங்காலமாக நிலவிவரும் முறை. ஏட்டில் எழுதினாலும் மேடையில் நடித்தாலும் கதையின் போக்கை முடிவு செய்யும் உரிமை ஆக்கியோனிடமே இருந்து வந்துள்ளது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் தோன்றிய ஒரு விளையாட்டு, அவ்வுரிமையைக் கேட்போருக்கும் பகிர்ந்தளித்தது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவர். அவர் ஓர் இடத்தையும் சூழலையும் சொற்களால் தீட்டிக் காட்டுகிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை உரைக்கின்றனர். ஐயத்திற்கு இடமான செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கிறது. எழுதி வைத்த வசனம் இல்லை. முடிவும் எவருக்கும் முன்பே தெரியாது.

இவ்விளையாட்டுக்கு வேண்டிய ஊர்களையும் உயிரினங்களையும் மந்திரங்களையும் விதிகளையும் ஆடுவோர் தாமே புனைந்து கொள்வதுண்டு. அவ்வாறு புனைந்தவற்றை 'ஹோம்ப்ரூ' என்பர். வீட்டில் வடித்த மதுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. இதன் வரலாற்றை நோக்குமிடத்து, படைப்போர் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு வினா எழுகிறது: பலர் கூடி ஆக்கிய கதை யாருக்கு உரியது?

போர்ப் பயிற்சியில் பிறந்தது

இவ்விளையாட்டின் வேர் பிரஷ்ய நாட்டுப் படையில் உள்ளது. 1824இல் இளைய ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி, தம் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தி விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின் மீது இரு தரப்பினரும் படைகளை நகர்த்த, நடுவர் ஒருவர் பகடையும் அட்டவணையும் கொண்டு விளைவைக் கணித்தார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி, அட்டவணைகளின் சுமையைக் குறைத்து நடுவரின் பட்டறிவுக்கு முதன்மை தந்தார். 1880இல் அமெரிக்கப் படையைச் சேர்ந்த சார்லஸ் டாட்டன் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்னும் நூலை வெளியிட்டார்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து அந்நூல் மினசோட்டா மாநிலத்து இளைஞர் டேவிட் வெஸ்லியின் கையில் கிடைத்தது. ஆடுவோர் எதனையும் முயன்று பார்க்கலாம், விளைவை நடுவர் தீர்ப்பார் என்னும் கருத்தை அவர் அதிலிருந்து பற்றிக்கொண்டார். 1969இல் நெப்போலியன் காலத்து 'பிரௌன்ஸ்டைன்' என்னும் கற்பனை ஊரை அமைத்து, தளபதிகளோடு ஊர்த்தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் முதலிய பாத்திரங்களையும் நண்பர்களுக்கு வகுத்தளித்தார். அவர்களோ போரை மறந்து, தனித்தனியே கூடிப் பேசி, சூழ்ச்சி செய்து, தத்தம் நோக்கத்தை நிறைவேற்ற முனைந்தனர். ஆட்டம் தோற்றுவிட்டதென்றே வெஸ்லி எண்ணினார். நண்பர்களோ மீண்டும் ஆட வேண்டும் என்றனர்.

அந்நண்பர்களுள் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் 1971இல் 'பிளாக்மூர்' என்னும் நாட்டைப் படைத்தார். அங்கே ஒரு கோட்டை. கோட்டையின் கீழே அடுக்கடுக்கான நிலவறைகள். அவற்றுள் அரக்க உயிர்களும் புதையல்களும். ஒருநாள் ஆடி முடித்த பாத்திரம் மறுவாரமும் தொடர்ந்தது. பட்டறிவு பெற்று வலிமை கூடியது. விதிகளோ ஆடும்போதே பிறந்தன. ஒருவரது பாத்திரம் குருதி குடிக்கும் பேயாக மாறி எவராலும் வெல்ல முடியாததாயிற்று. அதனை எதிர்ப்பதற்கென்றே புனிதச் சின்னத்தால் பேயை விரட்டும் சமயகுரு என்னும் பாத்திர வகை ஆக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஆடப்படும் அவ்வகை, ஒரு குழுவின் ஓர் இடர்ப்பாட்டைத் தீர்க்கத் தோன்றியதே ஆகும்.

ஆயிரம் படிகள்

விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகாக்ஸ் வாழ்ந்தார். காப்பீட்டு நிறுவன வேலையை 1970இல் இழந்து, காலணி செப்பனிட்டுக் குடும்பத்தைக் காத்தவர். ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விதிநூலின் பின்னிணைப்பில் மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்கும் இடமிருந்தது. பிளாக்மூர் ஆட்டத்தில் ஆர்னசன் அதனையும் பயன்படுத்தியிருந்தார். 1972ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்னசன் லேக் ஜெனீவா சென்று தம் ஆட்டத்தை நடத்திக் காட்ட, கைகாக்ஸ் அதில் உள்ளம் பறிகொடுத்தார். ஆர்னசனின் குறிப்புகளைப் பெற்று விதிநூலை எழுதத் தொடங்கியதோடு, தாமும் 'கிரேஹாக்' என்னும் கோட்டையைப் படைத்தார். அதனுள் முதலில் நுழைந்தவர் அவருடைய பிள்ளைகளே.

பதிப்பிக்க எந்நிறுவனமும் முன்வரவில்லை. எனவே 1973இல் நண்பர் டான் கேயுடன் இணைந்து டி.எஸ்.ஆர். என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயருடன், பெட்டியிலிட்ட மூன்று சிறு நூல்கள் 1974 ஜனவரியில் வெளிவந்தன. விலை 10 டாலர். அச்சிட்ட படிகள் 1000. அட்டையில் கைகாக்ஸ், ஆர்னசன் இருவர் பெயரும் இருந்தன.

அந்நூல்களில் குறைகள் மிகுதி. போர் விதிகளுக்கு வேறொரு நூலையும், காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் விளையாட்டுப் பலகையையும் நாட வேண்டியிருந்தது. ஆனால் அக்குறையே படைப்புக்கு வழிதிறந்தது; விடுபட்டதை வாங்கியவர் இட்டு நிரப்பினர். மூன்றாம் நூலின் இறுதியிலும், கற்பனை செய்யும் பணியை எங்களிடம் விடாதீர், நீங்களே செய்யுங்கள் என்ற கருத்தே வலியுறுத்தப்பட்டது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஆடிய ஒரு குழுவினர் திருடன் என்னும் பாத்திர வகையைப் புனைந்தனர். செய்தி கைகாக்ஸுக்கு எட்டி, 1975இல் வெளிவந்த துணைநூலில் அது இடம்பெற்றது. அதே ஆண்டு ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்ட் என்னும் அம்மையார், பலரும் தத்தம் ஆக்கங்களை அனுப்ப அவற்றைத் தொகுத்து வழங்கும் 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். நம் நாட்டுக் கையெழுத்து ஏடுகளை அறிந்தோர்க்கு அதன் இயல்பை விளக்க வேண்டுவதில்லை.

எழுதாமல் விடும் கலை

வீட்டில் உலகம் படைப்போரின் தொழில்முறை கவிஞர்க்கும் கதாசிரியர்க்கும் சுவை தருவது. கட்டமிட்ட தாளில் நிலவறையின் வரைபடம். அறைதோறும் ஓர் எண். எண்ணுக்குரிய குறிப்பில் அவ்வறையில் உள்ளவை. சிற்றூர் ஒன்றும் அதனருகே ஒரு நிலவறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். பேரரசின் வம்சாவளியை முதலிலேயே எழுத வேண்டா என்பது அனுபவம் மிக்க நடுவர்கள் கூறும் அறிவுரை. இதனினும் முக்கியமானது வேறொன்று. வில்லன் என்ன விரும்புகிறான், அவனை எவரும் தடுக்காவிடின் என்ன நேரும் என்பதைப் படைப்போன் எழுதலாம். வீரர்கள் என்ன செய்வார்கள் என்பதை எழுதலாகாது. எழுதினால் ஆட வந்தோர் வெறும் பார்வையாளராகிவிடுவர். நாவலாசிரியன் இறுதி அத்தியாயத்தை நோக்கி நடப்பவன். இங்கோ இறுதி அத்தியாயம் வெற்றுத்தாளாகவே இருத்தல் வேண்டும்.

'ரேவன்லாஃப்ட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் தம் இல்லத்தில் நண்பர்களோடு ஆண்டுதோறும் ஹாலோவீன் நாளில் ஆடிச் செம்மைப்படுத்திய கதை அது, 1983இல் நூலாயிற்று. அதில் குறிசொல்லும் பெண் சீட்டுகளைப் புரட்டுகிறாள். வீரர்க்குத் துணையாகும் அரும்பொருள்கள் எங்கே உள்ளன, கோட்டையின் இரத்தக்காட்டேரிப் பிரபு எதனை நாடுகிறான் என்பவற்றை அச்சீட்டுகளே முடிவு செய்யும். ஆகவே ஒரே நூல் ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு கதையாக விரிந்தது.

கனடா நாட்டின் எட் கிரீன்வுட் சிறுவனாயிருந்த 1960களில், தம் கதைகளுக்கென ஓர் உலகைப் படைத்தார். பின்னர் நூலகப் பணியில் இருந்தவாறே அதனைத் தம் நண்பர்களின் ஆட்டக்களமாக்கினார். டி.எஸ்.ஆர். நிறுவனம் அவ்வுலகை விலைக்கு வாங்கி, 1987இல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' எனும் பெயரில் வெளியிட்டது. ஒரு சிறுவனின் குறிப்பேடு பல நூறு நூல்களுக்குக் களமாயிற்று. அதே நேரத்தில் ஒரு நிறுவனத்தின் உடைமையும் ஆயிற்று.

உரிமை யாருக்கு?

இவ்விளையாட்டே கடன்வாங்கித் தொடங்கியதுதான். டோல்கீன் படைத்த ஹாபிட் முதலிய பெயர்களை எடுத்தாண்ட டி.எஸ்.ஆர்., உரிமையாளர் தரப்பின் எதிர்ப்பால் 1977 அளவில் அவற்றை நீக்கி வேறு பெயர் சூட்ட நேர்ந்தது. விளையாட்டு செல்வம் ஈட்டத் தொடங்கியதும் உடன் படைத்தோர் பிரிந்தனர். திருத்தி விரித்த பதிப்பு கைகாக்ஸ் பெயரில் மட்டும் வந்தபோது, ஆர்னசன் தம் பங்கைக் கோரி 1979இல் வழக்குத் தொடுத்தார்; 1981இல் உடன்பாடு ஏற்பட்டது. நீங்களே கற்பனை செய்யுங்கள் என்று அழைத்த கைகாக்ஸும் மனம் மாறினார். தம் விதிகளை மாற்றி ஆடுவோர் ஆடுவது வேறு விளையாட்டு என எழுதலானார். ஆயினும் 1985இல் அவரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்து, அடுத்த ஆண்டு வெளியேறினார். தம் பிள்ளைகளுக்கென அவர் கட்டிய கிரேஹாக் நிறுவனத்திடமே தங்கிவிட்டது.

1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது. 2000இல் அது ஓர் உரிம ஆவணத்தின் வழி, அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்திப் புதியன படைத்து விற்கலாம் என அறிவித்தது. விதிகளின் செயல்முறைக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றை விளக்கும் எழுத்துக்கே உண்டு என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொதுநிலை. வெண்பாவின் இலக்கணம் எவர்க்கும் உடைமையன்று. அதில் பாடிய பாட்டு பாடினோர்க்கு உரியது என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம். எனினும் எல்லை எதுவென்ற அச்சம் சிறு படைப்பாளரை வாட்டியது. உரிமம் அவ்வச்சத்தைப் போக்கவே, சிறு பதிப்பகங்கள் பல தழைத்தன.

2023 ஜனவரியில் அந்நிழல் கலையும் நிலை வந்தது. பழைய உரிமத்தை விலக்கிப் புதியதைப் புகுத்தும் வரைவு கசிந்தது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைக் கடந்தால் மிகுதியில் 25 விழுக்காடு வரை நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். பிறர் ஆக்கங்களை நிறுவனம் எடுத்தாளலாம் என்பன அதன் விதிகள். பிழைப்பே இதில் அடங்கிய எழுத்தாளரும் ஓவியரும் கொதித்தெழுந்தனர். ஆடுவோர் ஆயிரக்கணக்கில் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கிப் பழைய உரிமத்தை நிலைநிறுத்தியது. அத்துடன் அடிப்படை விதிநூலை, மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் ஆளத்தக்க 'கிரியேட்டிவ் காமன்ஸ்' பொது உரிமத்தின்கீழ் வழங்கிற்று. அவ்வுரிமம் திரும்பப் பெற இயலாதது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னசன் 2009இலும் மறைந்துவிட்டனர். அவர்தம் மேசையில் பிறந்த விதிகள் இவ்வாறு ஊர்ப்பொதுவாயின. கிரேஹாக் போன்ற உலகங்கள் மட்டும் இன்றும் நிறுவனத்தின் உடைமையே.

வீடுகளில் வடித்த உலகங்களில் பெரும்பாலானவை அச்சேறாமலே மறையும். ஆடியவர் ஊர் மாறியதும் குறிப்பேடு பரணுக்குப் போகும். அதனால் அவை வீண் என்று சொல்லவியலாது. பிளாக்மூரும் முதலில் அத்தகைய குறிப்பேடாகவே இருந்தது. ஆர்னசனுக்கும் கைகாக்ஸுக்கும் இடையே நேர்ந்த பிணக்கு, கூட்டத்தில் பேசிப் பிறந்ததற்கும் தனியே அமர்ந்து எழுதப்பட்டதற்கும் இடையே நேர்ந்த பிணக்கு எனலாம். இலக்கிய வட்டத்துக்கும் இது தொலைவான செய்தியன்று. ஒருவர் வாசித்த கவிதையில் மற்றொருவர் மாற்றச் சொன்ன சொல்லும், மூன்றாமவர் கேட்ட கேள்வியால் நீக்கப்பட்ட அடியும் நூலின் அட்டையில் இடம்பெறுவதில்லை. பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், நம் தொகுப்புகளில் வெளியான படைப்புகளோடு, அவற்றைத் திருத்தியவர், கேட்டவர், வினவியவர் பெயர்களையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக.