கைப்பிடிச்சுவரும் முகக்கவசமும்

கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளரைத் தேடிச் செல்லும் ஊழியர் தம் உடலைக் காத்துக்கொள்வது விசுவாசக் குறைவாகுமா? இவ்வினா திருச்சபைக்குப் புதியதன்று. 1527 இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, பிரெஸ்லாவு நகரப் போதகர் யோகன் ஹெஸ் என்பாருக்கு மார்ட்டின் லூத்தர் இதுகுறித்து விரிவான மடல் வரைந்தார். பிறர்நலப் பொறுப்பை ஏற்றோர் தம் இடத்தைவிட்டு ஓடலாகாது என்றார். அம்மடலிலேயே, மருந்தைப் பயன்படுத்துங்கள், புகையிட்டு வீட்டைத் தூய்மையாக்குங்கள், தேவையில்லாத இடங்களுக்குச் செல்லாதிருங்கள் என்றும் அறிவுறுத்தினார். இவற்றை அசட்டை செய்வது கடவுளைச் சோதிப்பதாகும் என்பது அவர் துணிபு. எனினும் இன்னொரு வினா எஞ்சி நிற்கிறது. ஊழியருக்கு அக்காப்பை அளிக்கக் கடமைப்பட்டவர் யார்? இதற்கு விடைகாண இரு நிகழ்ச்சிகளை நாம் ஆராய்வோம்.

1. மஞ்சூரியா: 1910–1911

1910 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. பற்றியவர் பிழைப்பது மிக அரிது. ஏறத்தாழ 60,000 பேர் மடிந்தனர். பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற டாக்டர் வூ லியென் தே, அவ்வாண்டு டிசம்பரில் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். இந்நோய் எலித்தெள்ளினால் அன்று, நோயாளரின் மூச்சினாலும் இருமலினாலும் பரவுகிறது என்று அவர் கண்டார். பஞ்சை மெல்லிய வலைத்துணியில் பொதிந்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் முகக்கவசத்தைப் பணியாளர் யாவரும் அணியவேண்டுமென்றார். எளிய பொருள், மலிவான விலை. எனினும் அதனை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெனி, முகத்தை மூடாமலே நோயாளரைப் பார்வையிட்டு, 1911 ஜனவரியில் அந்நோயினாலேயே இறந்தார்.

அதே மாதத்தில் முக்டென் நகரில், ஸ்காட்லாந்து ஐக்கிய சுயாதீன சபையின் மருத்துவ அருட்பணியாளர் ஆர்தர் ஜாக்சன், இருப்புப்பாதை வழியே வந்த கூலியாட்களைப் பரிசோதித்தார். அவர் மெனியைப் போன்றவரல்லர். மேலங்கியும் முகமூடியும் அணிந்தே பணியாற்றினார். ஆயினும் நோய் அவரைப் பற்றியது. ஜனவரி 25 இல், தம் 26 ஆம் வயதில் மரித்தார். காப்பு இடரைக் குறைக்கும், முற்றும் ஒழிக்காது. ஆகவே காப்பணிந்து சென்றவரின் தியாகம் எவ்வகையிலும் குறைந்ததன்று. சீன ஆளுநர் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்; அவர் வரலாறு நூலாகவும் எழுதப்பெற்றது.

ஆனால் ஹார்பினில் நோய்த்தடுப்புப் பணியாளருள் மிகுதியாக மடிந்தோர் மருத்துவர் அல்லர். வீடு வீடாகத் தேடி நோயாளரைக் கண்டு, தூக்கி, வண்டியிலேற்றிச் சென்ற கூலியாட்களும் வண்டியோட்டிகளுமே ஆவர். நோய்க்கு மிக அருகே நின்றோர் இவர்களே. இவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம்.

2. இந்தியா: 2020

ஏறத்தாழ 110 ஆண்டுகளுக்குப் பின் இதே நிலையை நம் நாட்டில் கண்டோம். 2005 இல் தொடங்கப்பட்ட ஊரக நலவாழ்வு இயக்கத்தின் ‘ஆஷா’ பணியாளர் ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள். இவர்கள் ஊதியம் பெறும் அரசு ஊழியராக அன்றி, ஊக்கத்தொகை பெறும் தொண்டராகவே கருதப்படுகின்றனர். கொரோனா தொற்றின்போது வீடுதோறும் சென்று காய்ச்சல் கண்டோரைக் கணக்கெடுத்தவர்கள் இவர்களே. இவர்களுக்கு மூவடுக்கு முகக்கவசமும் கையுறையும் வேண்டுமென 2020 மார்ச்சில் நடுவண் அரசின் நெறிமுறை கூறிற்று. எனினும் பல இடங்களில் துணிக்கவசமே கிடைத்தது. அதுவுமின்றிச் சேலை முந்தானையால் முகத்தை மூடிச் சென்றோரும் உண்டு. அம்மாதம் 22 ஆம் நாள் நாடெங்கும் மக்கள் கைதட்டி நலவாழ்வுப் பணியாளரைப் போற்றினர். பணியில் இறப்போர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவிக்கப்பட்டது. இது நன்றே. ஆனால் இறந்தபின் கிடைப்பது ஐம்பது லட்சம். இறவாமல் காக்க வேண்டியிருந்ததோ சில ரூபாய்க் கவசம்! அவ்வாண்டு ஆகஸ்டில் பல மாநிலங்களில் இப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வோடு பாதுகாப்புப் பொருள்களையும் கேட்டனர். 2022 இல் உலக நலவாழ்வு நிறுவனம் இவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது.

3. திருமறையின் ஒளியில்

உபாகமம் 22:8 புதுவீடு கட்டுவோனுக்கு ஒரு கட்டளை தருகிறது. மாடியிலிருந்து எவரும் விழாதபடி அவன் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். தவறினால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். மாடியில் நடப்போனின் விசுவாசத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. பொறுப்பு, வீட்டைக் கட்டியவனுடையது. ஊழியரை ஆபத்தான இடத்துக்கு அனுப்புவோருக்கும் இது பொருந்தும் அன்றோ?

நம் பிரசங்கங்களில் தியாகத்தைப் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் தியாகம் ஒருவர் தாமே மனமுவந்து படைப்பது. பிறர் அவரிடமிருந்து வற்புறுத்திப் பெறுவதன்று. காப்பளிக்காமல் அனுப்பிவிட்டு, இறந்தபின் இரத்தசாட்சி என்பது புகழ்ச்சியன்று. பழியை மறைக்கும் போர்வையே. நம் மருத்துவமனைகளின் துப்புரவுப் பணியாளர், கிராம நலப்பணியாளர், கல்லறையில் குழி வெட்டுவோர் ஆகியோருக்குக் கையுறையும் முகக்கவசமும் இன்று உண்டா என்று ஒவ்வொரு குருசேகரமும் தன்னைக் கேட்டுக்கொள்வதாக. அடுத்த கொள்ளைநோய் வருமுன்னரே கைப்பிடிச்சுவர் எழும்பவேண்டும்.